எனக்கில்லை, தெரிந்தவருக்கு!

மனசு சரியில்லை என்று போன் செய்பவர்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே எந்த ஆலோசனை மையம் இருக்கிறது, எந்தக் கிழமை என்ன கூட்டம் நடக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை; ஆனால் மனசு சரியில்லாதவர் யாரும் இதுவரை போன் செய்ததில்லை, எல்லாருமே ‘தெரிந்தவருக்காக’த்தான் செய்கிறார்கள். போனில் வழி சொல்லும் வேலை எதையாவது பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கூட்டாளி

மயிலாப்பூரில் எங்கள் அலுவலகம் ஒரு சின்ன அறை. நானும் பர்வீனும் ஆளுக்கொரு போன். ஒரு நாள் காலை, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர். திருநெல்வேலிப் பேச்சு, தெருவுக்கே கேட்கும் குரல். அவருடைய கூட்டாளி ஒருவருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாதாம். கல்லூரியில் படிக்கும் மகளைப் பார்த்துக் கடையில் ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டாராம். நாலு மாதமாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சாப்பாடு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை.

“கோபத்தைக் கையாளப் பழக்கும் கூட்டம் இருக்கிறது. உங்கள் கூட்டாளியிடமே பேசுகிறேன், கொடுங்கள்” என்றேன். “இந்தா, குடுக்கேன்” என்றார். ஒரு கனைப்புச் சத்தம். பிறகு அதே குரல், கொஞ்சம் கனமாக:

“வணக்கம் மேடம், நான்தான் அந்தக் கூட்டாளி பேசுதேன்.”

பக்கத்தில் வேண்டாம்

பக்கத்து இடத்தைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்து இந்த வேலைக்கு வந்தேன். மாட வீதியிலிருந்து ஒரு மாமி பேசினார். தங்கையின் கணவர் ஓய்வு பெற்றதிலிருந்து, பூட்டிய கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கிறாராம். பின்னாலேயே ஓர் ஆண் குரல், “பூட்டியிருக்கான்னு பாரு!” என்று சத்தம் போட்டது. தங்கை வீடும் அதே வீடுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மையத்தைச் சொன்னேன். மாமி பதறிவிட்டார்.

“அங்கேன்னா நடந்துண்டு போகணும், பார்க்கறவா எல்லாம் எங்கேன்னு கேப்பா. நல்ல தூரமா ஒண்ணு சொல்லுங்கோ, ஆட்டோவுல போனா ஒருத்தரும் கேக்க மாட்டா!”

கடற்கரைக் காற்று

இப்படி மயிலாப்பூர்க்காரர்கள் தியாகராய நகரைக் கேட்பார்கள், தியாகராய நகர்க்காரர்கள் பெசன்ட் நகரைக் கேட்பார்கள். நம் கூட்டாளியும் பெசன்ட் நகர்தான் கேட்டார். சனிக்கிழமை நாலு மணிக் கூட்டத்துக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை போன். கோபத்தைக் குறைக்க அனுப்பிய இடத்திலிருந்து இரட்டிப்புக் கோபத்தோடு வந்திருந்தார். அங்கே பாதி ரங்கநாதன் தெரு உட்கார்ந்திருக்கிறதாம்! எதிர்க்கடைக்காரரும் இருக்கிறாராம்!

“அடடா, திரும்பி வந்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். பயமாகத்தான் இருந்தது. இவர் விட்டுவிட்டால் அந்த வீட்டில் ஐந்தாவது மாதமும் அப்படியே போகும்.

“எங்கிட்டுத் திரும்ப? அவன் எனக்குப் பக்கத்துல எடம் போட்டுல்லா வச்சிருந்தான்!”

விதி

எங்களுக்கு ஒரு விதி உண்டு: அழைப்பவரின் பெயர், விலாசம் கேட்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: ஒரே வீட்டுக்காரர்களை அவர்கள் சம்மதமில்லாமல் ஒரே இடத்துக்கு அனுப்பக் கூடாது. முதல் விதியைக் காப்பாற்றினால் இரண்டாவதை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பெண் பேசினாள். வீட்டில் ஒருவரிடம் பேச நினைக்கிறாளாம், வார்த்தை வரவில்லையாம். அதற்கு மேல் சொல்லவில்லை. தூரமாக வேண்டும் என்றாள். பெசன்ட் நகர், சனிக்கிழமை, ஐந்து மணி என்றேன். திங்கட்கிழமை கூட்டாளியின் போன். “மேடம், எம் மவளையும் அங்கனேயே அனுப்பியிருக்கிய” என்றார். போச்சு, இரண்டாவது விதி! என் முகத்தைப் பார்த்து பர்வீன் தன் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அவர்களுக்கு ஒரு பயிற்சி. எதிரில் காலி நாற்காலி போட்டு, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர் அதில் இருப்பதாக நினைத்து மெதுவான குரலில் பேச வேண்டும். இவர் முறை வந்தபோது, “தப்பு என்னுதுதாம்மா” என்று ஆரம்பித்திருக்கிறார். சீக்கிரமே வந்துவிட்ட மகள் வாசலில் நின்றிருக்கிறாள். எதிர்க்கடைக்காரர் விலாவில் இடிக்க, இவர் திரும்பிப் பார்த்து, மீதியை அவளைப் பார்த்தே முணுமுணுத்திருக்கிறார். அவள் உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாளாம். ஐந்து மாதமாகத் திறக்காத வாய் திறந்ததாம். அவள் சொன்னதை அவர் எனக்கு மூன்று முறை திருப்பிச் சொன்னார், மூன்று முறையும் அழுதார், நானும் அழுதேன்:

“அப்பா, ஒண்ணுமே கேக்கலை. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க.”

இத்தனை வருஷத்தில் நான் செய்த மிக நல்ல காரியம் எது என்று மேலிடத்தில் கேட்டால், அது ஒரு விதிமீறல் என்று எழுதிக்கொடுக்கத் தைரியம்தான் வரமாட்டேன் என்கிறது.