மூடியைத் திறந்து முகர்ந்தவர்

கொழும்பிலிருந்து கல்முனைக்கு வந்த பகல் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், நெற்றியில் தொழுகைத் தழும்புள்ள மெலிந்த மனிதர். தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டார். என் போத்தலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் குடிக்காமல் முகர்ந்து பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

"குறை நினைக்காதீங்க தம்பி. தொழில் பழக்கம்," என்றார்.

உல்லாசக் கப்பல் ஒன்றின் வாசலில் பயணிகளின் பைகளைச் சோதிப்பது அவருடைய வேலை. முன்பு ஆளுக்கொரு வைன் போத்தல் கொண்டுவர விட்டார்களாம். இப்போது அதுவும் கூடாதென்று கம்பனி சட்டம் போட்டுவிட்டது. அதனால் ஷாம்புப் போத்தலிலும் வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலிலும் குடிவகை வருகிறது. ஒவ்வொன்றையும் அவர் திறந்து முகர வேண்டும்.

"பறிச்சா ஏசமாட்டாங்களா?"

"ஏசுவாங்க. 'உன்ட மார்க்கத்த எங்கட விடுமுறையில காட்டாத' எண்டு ஒரு பொம்புள சொன்னா. சட்டம் கம்பனிட எண்டா ஆரும் நம்புறாங்க இல்ல." என் போத்தலின் மூடியைத் திருகி மூடினார். "அதையும் தாங்கலாம். போன முறை ஊருக்கு வந்தப்ப, உம்மா மக்காவிலருந்து கொண்டந்த புனிதமான ஸம்ஸம் தண்ணி தந்தா. அதையும் மணந்து பாத்துட்டன் தம்பி."

"உம்மா என்ன சொன்னா?"

"போத்தல வாங்கி மூடி வெச்சிட்டா."

சம்மாந்துறையில் போத்தலைத் திருப்பித் தந்து, சலாம் சொல்லி இறங்கிப் போனார். அதன் பிறகுதான் கவனித்தேன். என் போத்தலில் ஒரு மிடறும் குறையவில்லை.