அன்ரியின் சமையலறையில் இரண்டு பேசின்கள்

அம்மாவோடு நான் இன்றைக்கும் சண்டை பிடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன், அல்லது மறந்துவிட்டேன். தொலைபேசியில் பேச்சு எப்படியாவது இந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் எனக்குக் கோபம் மண்டைக்குள் ஏறிவிடும். "சுத்தத்துக்குத்தானே பிள்ளை செய்தனான்" என்பார். நான் போனை வைத்துவிடுவேன். முப்பது வருஷமாக அதே சுத்தம், அதே போன்.

அப்போது நாங்கள் பலேர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இருந்தோம். நாங்கள் இருந்தோம் என்று சொல்வதே பொய். அன்ரி இருந்தார், அவருடைய வீட்டில் ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் ஒதுங்கியிருந்தோம். அன்ரி மன்னாரிலிருந்து வந்தவர், வேதக்காரர், கத்தோலிக்கர், எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது யார் எவர் என்று கேட்காமல் அறையைத் திறந்துவிட்டவர். அப்பாவைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, பெர்மெஸ்ஸோ, தங்குகிற அனுமதி, எடுத்துக் கொடுத்தவர். அவருடைய புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் அன்ரியும், என்னைவிட இரண்டு வயது மூத்த அவருடைய மகளும் மட்டும்தான்.

எனக்கு ஒன்பது வயது. அம்மா வேலை முடித்து வர இருட்டிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டி வந்தது அன்ரி, சோறு போட்டது அன்ரி, பேன் பார்த்தது அன்ரி. பசிக்கிறது என்றால் எனக்கு அவருடைய முகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே. அன்ரி லிபெர்த்தா வீதிப் பக்கம் பெரிய கட்டடங்களில் படி கூட்டித் துடைக்கிறவர். அங்கே நான்காம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா, ஒரு வீட்டு அம்மா, வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். சிஞ்ஞோரா யூதப் பெண்மணி. திரிப்போலியில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து துரத்தப்பட்டு இத்தாலிக்கு வந்தவராம். எண்பது வயது, விதவை, மகா கோபக்காரி. கோடை விடுமுறையில் அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போவார். நான் சமையலறை மூலையில் முக்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சமையலறை ஒரு தீப்பெட்டி. அதில் ஒரே ஒரு சிங்க், பழைய வெள்ளைப் பீங்கான். சிஞ்ஞோராவின் மதத்திலோ பாலும் இறைச்சியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வயிற்றில் மட்டுமல்ல, சட்டியிலும், கரண்டியிலும், கழுவுகிற தண்ணீரிலும் தொடக்கூடாது. கோஷர் என்று சொல்லித் தந்தார். இரண்டு சிங்க் வைக்க இடமில்லாததால் சிங்கையே அவர் கணக்கில் எடுப்பதில்லை. அதன் அடியில் ஒரு கரண்டிகூடப் படக்கூடாது. உள்ளே ஒரு கம்பித் தட்டு, அதன்மேல் பேசின். பால் பாத்திரத்துக்கு நீலம், இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு. கழுவுகிற பஞ்சும் இரண்டு, துடைக்கிற துணியும் இரண்டு. ரோமிலிருந்து மகன் ஐஸ் பெட்டியில் இறைச்சி கொண்டுவந்தால்தான் சிவப்பு பேசின் வெளியே வரும். ஒருநாள் அம்மா சீஸ் வெட்டிய கத்தியைச் சிவப்பில் போட்டுவிட்டார். கிழவி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அம்மா அன்றைக்கு அழுதார். ஆனால் ஒரு மாதத்துக்குள் தலைகீழாக மாறிவிட்டார். "இதுதான் ஆசாரம் எண்டுறது. இந்த வயசிலையும் எப்பிடி வச்சிருக்கிறா பாத்தியே" என்று வீட்டில் வந்து புகழ்வார். சிஞ்ஞோராவே மறந்தால்கூட அம்மா ஞாபகப்படுத்துவார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா அதை ஒருநாளும் சொல்வதில்லை. காலை பத்து மணிக்கு சிஞ்ஞோரா கோப்பி போடுவார். அம்மாவும் அவரும் ஒரே மேசையில், ஒரே மாதிரிக் கோப்பைகளில் குடிப்பார்கள். இரண்டு கோப்பையும் ஒரே நீல பேசினில் விழும். நான் என் கண்ணால் பார்த்தேன்.

நவம்பரில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். மூன்றாம் நாள் அப்பா கையலம்பப் போனவர், சிங்கில் மீன் செதில் ஒட்டியிருப்பதைக் கண்டு குதித்தார். சாமிப்படம் இருக்கிற வீடாம், மானங்கெட்டுப் போச்சாம். மனுஷன் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலுணவுக் கடையில், சட்டி கழுவுகிற வேலை. ஊரார் தின்ற கணவாயும் மட்டியும் முழங்கை வரை ஒட்டிக்கொள்ள, விரதத்தோடு கழுவிவிட்டு வந்துதான் இந்தக் குதி. அவருக்கு முன்னால் எதிர்ப்பேச்சுப் பேசாமல், அன்ரி, அந்த வீட்டுக்கே சொந்தக்காரி, மன்னிப்புக் கேட்டார். "மறந்துபோனன் தம்பி, குறை நினைக்காதேங்கோ" என்று சிங்கை உப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

அடுத்தநாள் அம்மா கபோ சந்தையில் இரண்டு பேசின் வாங்கி வந்தார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சைவப் பாத்திரம் நீலத்தில், மீன், இறைச்சி சமைத்த மச்சப் பாத்திரம் சிவப்பில், விரதத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இனித் தொல்லை இல்லை என்று விளங்கப்படுத்தினார். அன்ரிக்குச் சிரிப்பு. "வேலைக்கு அனுப்பினால் படிச்செல்லோ வந்திருக்கிறா! இனி எங்களுக்கும் வகுப்புத்தான்" என்று பகிடி பண்ணினார். ஆனால் அப்படியே செய்தார். விரதம் முடியும்வரை ஒரு கரண்டிகூடப் பிசகவில்லை.

விரதம் முடிந்தது. நாங்கள் மறுபடி மீனும் ஆட்டிறைச்சியும் சாப்பிடத் தொடங்கினோம். பேசின்கள் மட்டும் போகவில்லை. அன்ரி வழமைபோல தன் மீன்சட்டியைச் சிவப்பில் போட்டார். சோற்றுப்பானை, தேநீர்க் கோப்பை என்று மற்றது எதில் போகிறது என்று அவர் கவனித்திருக்கமாட்டார், ஏனென்றால் கழுவ அடுக்கி வைக்கிற வேலை எனக்கு. அம்மா அறைக்குள் கூப்பிட்டு எனக்குச் சொல்லித் தந்திருந்தார்: "அவையின்ரை எல்லாம் சிவப்பிலை வை. எங்கடை எல்லாம் நீலத்திலை. கேட்டினமெண்டால் சுத்தத்துக்கெண்டு சொல்லு."

எங்கள் இறைச்சிச்சட்டியும் நீலத்தில்தானா என்று நான் கேட்டேன். அதுவும்தான் என்றார்.

எனக்கு அதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. சிஞ்ஞோரா வீட்டில் முக்காலியில் இருந்து பார்த்ததை இப்போது நானே செய்கிறேன் என்று ஒரே பெருமை. அவரைப் போலவே விரலை நீட்டி, "நோ, நோ, குவெல்லோ ரோஸ்ஸோ" என்று இத்தாலியனில், சிவப்பில்தான் என்று, அன்ரியின் மகளுக்கு உத்தரவு போடுவேன். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டாள். தான் குடித்த கோப்பையைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அங்கே குழாயில் கழுவித் தன் அறையில் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டேன். "சும்மா" என்றாள். மீன் மணம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை தன் தாய்க்கும் சொல்லாமல் அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சீ, நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்ரி பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து, மகளுக்கும் எனக்கும் தனக்கும் பால்தேநீர் ஊற்றி பிஸ்கட் தந்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் மகள் தன் கோப்பையை விடவில்லை, நான் மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு சிங்கடிக்குப் போனேன். என்னுடையதை நீலத்தில் வைத்தேன். அன்ரியுடையதைச் சிவப்பில் வைத்தேன்.

"அதுக்குள்ளை மீன்சட்டி ஊறுது பிள்ளை. தேத்தண்ணி தானே, மற்றதுக்குள்ளை வையுங்கோ" என்றார் அன்ரி.

"இல்லை அன்ரி, உங்கடை எல்லாம் சிவப்பிலைதான். அம்மா சொன்னவ."

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்! விரலையும் நீட்டியிருப்பேன்.

அன்ரி எழும்பி வந்தார். நீல பேசினுக்குள் பார்த்தார். அங்கே முதல்நாள் ஆட்டிறைச்சி காய்ச்சிய எங்கள் சட்டி கிடந்தது. தண்ணீருக்குமேல் கொழுப்பு மஞ்சளாகப் படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் என் கோப்பை. அவர் சட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆற்றை?"

"எங்கடை இறைச்சிச் சட்டி."

அன்ரி சட்டியைத் திரும்ப அதற்குள்ளேயே வைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அம்மா வெறுங்கூடையோடு உள்ளே வந்தார். வாசலிலேயே எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றார்.

"தங்கச்சி, உங்கட இறைச்சி நீலத்திலை. நான் குடிச்ச தேத்தண்ணி சிவப்பிலை. என்ன இது?"

"அக்கா, அது... சிஞ்ஞோரா வீட்டு முறையக்கா. சுத்தத்துக்கு..."

"சிஞ்ஞோரா வீட்டிலை நீர் குடிக்கிற கப் எதுக்குள்ளை கிடக்கும்?"

எனக்குப் பதில் தெரியும். "நீலத்துக்குள்ளை அன்ரி! ரெண்டு பேற்றையும் ஒண்டா!" என்றேன்.

அன்ரியின் சத்தம் அதற்குப் பிறகுதான் உயர்ந்தது. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "எங்கட அப்பா உங்கட பக்கம் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். வேலியடியிலை நிக்க வச்சு சிரட்டையிலை ஊத்தினவை, தேத்தண்ணி. நான் சின்னப்பிள்ளை, பக்கத்திலை நிண்டு பாத்தனான். கடல் கடந்து வந்து, என்ரை வீட்டிலை, என்ரை சிங்கிலை, எனக்கே சிரட்டை வைக்கிறியளோ? அதையும் இந்தப் பச்சைப்பிள்ளையைக் கொண்டு வைக்கிறியளோ?"

சிரட்டை என்றால் தேங்காய் ஓடு என்று மட்டும் எனக்குத் தெரியும். அதையும் சரியாகக் கண்டதில்லை. அம்மா சமைத்ததெல்லாம் பைக்கற்றில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவில்தான். தேங்காய் ஓட்டில் தேநீர் குடிக்கக் கொடுத்தால் நல்ல விளையாட்டாக அல்லவா இருக்கும், இதற்கு ஏன் அன்ரி கத்துகிறார் என்று நின்றேன். கோப்பையைக் கொடுத்தால் கோப்பை தீட்டாகிவிடும் என்று சில மனிதருக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த ஊர் எங்கள் ஊர் என்பதை நான் அறியும்போது எனக்குப் பதினேழு வயது. அதையும் வீட்டில் யாரும் சொல்லவில்லை. வீட்டில் யார் சொல்வார்கள்?

அன்ரி இரண்டு பேசினையும் தூக்கி நிலத்தில் வைத்தார். எங்கள் இறைச்சிச்சட்டி, தன் மீன்சட்டி, கோப்பைகள் எல்லாவற்றையும் வெறும் சிங்குக்குள் ஒன்றாகப் போட்டார். ஒரே பஞ்சை எடுத்து, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கழுவினார். எங்கள் சட்டியின் அடிக்கரியைக்கூடச் சுரண்டி எடுத்தார். அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதம் முடிய வேறை இடம் பாருங்கோ தங்கச்சி" என்றார் அன்ரி. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அம்மா அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். தப்பு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அதற்கு என்ன பஞ்சம்? ஒன்றும் செய்யவில்லை. என்னைத்தான் பிடித்தார். எங்கள் அறைக்குள் இழுத்துப்போய், உடுப்புக் கொழுவுகிற மர ஹாங்கரால் முதுகிலும் காலிலும் விளாசினார். "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ! உனக்கு என்ன சொல்லித் தந்தனான்!" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார்.

சொல்லித் தந்ததை நான் ஒருநாளும் பிசகவிட்டதில்லை. அதனால் எங்கோ கோப்பை மாறிவிட்டது, அதற்குத்தான் இந்த அடி என்று எண்ணிக்கொண்டேன். சிஞ்ஞோராவும் கத்தி மாறியதற்குத்தானே அப்படிச் சத்தம் போட்டார். "நான் சரியாத்தான் வச்சனான் அம்மா! அன்ரியின்ரையைச் சிவப்பிலைதான் வச்சனான்!" என்று கதறினேன். அம்மா இன்னும் பலமாக அடித்தார்.

மற்ற நாட்களில் அம்மா என்மேல் கை வைத்தால் அடுத்த நிமிடம் அன்ரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். என்னைப் பறித்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு அம்மாவை ஏசுவார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது மெல்லிய பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் கதவையே பார்த்துக்கொண்டு அடி வாங்கினேன். கதவு திறக்கவில்லை. அன்ரிக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அந்தத் தடுப்போடு வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்: "சிவப்பிலைதான் வச்சனான் அன்ரி! உங்கடையை நான் ஒருநாளும் எங்கடையோடை வைக்கேல்லை!"