கையடக்க கேம் பெட்டியும் கை சுட்டுக்கொண்டவர்களும்

எங்கள் தொழிலில் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் வியாபாரமே ஆரம்பிக்கும்.

கையில் பிடித்து விளையாடுகிற கேம் பெட்டியை நான் உதிரியாகத்தான் விற்கிறேன். சர்க்யூட் போர்டு, உள்ளங்கையளவு ஸ்கிரீன், பட்டன்கள், ஸ்பீக்கர், பேட்டரி, பிளாஸ்டிக் கூடு எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு அனுப்புவேன். வாங்குகிறவர், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர், தானே சூடான கம்பியால் ஈயத்தை உருக்கி ஒட்டி, அதாவது சால்டரிங் செய்து, பூட்டி, சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடினோமே, அந்த மாதிரி கட்டம் கட்டமான பழைய பாணி விளையாட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. இதற்கு முன்னால் ஆறு வருடம் தறிகளின் எலக்ட்ரானிக் போர்டு சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். தறி நின்றுபோனால் தறிக்காரர் கத்துவார். கேம் பெட்டி நின்றுபோனால் வாங்கினவர் கத்துவதில்லை, குரல் தழுதழுக்கிறது. அதைத் தாங்குவதுதான் கஷ்டம். இதைப் படிக்கிறவர்களில் சால்டரிங் அயர்னை ஒரு தடவையாவது தப்பான இடத்தில் பிடித்தவர்கள் இருந்தால், உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மங்கலான ஸ்கிரீன்

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். பெட்டியைப் பூட்டி முடித்துவிட்டு, படம் மங்கலாகத் தெரிகிறது என்று போன் செய்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேட்டரியை அளந்து சொன்னார், சரியாக இருந்தது. ஸ்கிரீன் கேபிளைக் கழற்றி மாட்டினார். இரண்டு இடத்தில் ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தார். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த மாதம்தான் அதே ஸ்கிரீனில் ஐம்பது வாங்கி அடுக்கியிருந்தேன்.

கடைசியில் வீடியோவில் காட்டச் சொன்னேன். ஸ்கிரீனின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை வால் நீட்டிக்கொண்டிருந்தது. "சார், அந்த வாலைப் பிடிச்சு இழுங்க" என்றேன். மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாள் உரிந்து வந்தது. படம் பளிச்சென்று ஆனது. நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அதை மொதல்லயே பாத்தேனுங்க. உரிச்சா கேரண்டி போயிருமோன்னு உட்டுட்டேனுங்க."

பண்ணைக்கு வாங்கிய மிஷின்

எருமப்பட்டியிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் ஓடாத பெட்டியோடு நேரிலேயே வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. ஈரோட்டுக்கு ஜவுளி எடுக்கப் போகிற வழி என்பதால் வீட்டுக்காரம்மாவும் கூட. அந்தம்மா கைகழுவ உள்ளே போனதும் அவர் என் மேஜைப் பக்கம் குனிந்தார். "அம்மிணி, இது பண்ணையில டெம்பரேச்சர் பாக்கற மிஷினுன்னு ஊட்டுல சொல்லி வெச்சிருக்கறேன். கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

கூட்டைத் திறந்து பார்த்தேன். பண்ணையில் மோட்டார், தீவன மிஷின் எல்லாம் தானே சரிசெய்கிறவராம். வேலை சுத்தமாக இருந்தது. ஸ்விட்சின் கம்பிக்கால்களில் ஒன்றுக்கு மட்டும் ஈயம் வைக்க விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டு வைத்தேன். அந்தம்மா திரும்பி வந்து உட்கார்ந்ததை மறந்து, பழக்க தோஷத்தில் ஸ்விட்சைத் தள்ளிவிட்டேன். சத்தம் முழுசாக வைத்திருந்தது. டிங்கு டிங்கென்று பாட்டு. கார் பந்தயம் தொடங்கிவிட்டது. அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு குடும்பச் சண்டை என் முன்னறையில் நடக்கப் போகிறது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். நாலைந்து பட்டன்களை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது வளைவில் கார் மோதியது. இன்னொரு தடவை ஓட்டினார். ஐந்தாவது வளைவு வரை போனார். பிறகு பெட்டியை வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கோழிக்கு இவ்வளவு பாட்டு ஆகாதுங்க. சத்தத்தைக் கொறைக்கறது எப்படின்னு மட்டும் இவுங்களுக்குச் சொல்லிக் குடுத்துருங்க."

சிவப்பும் கருப்பும்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். தப்பு என்னுடையது. ஒரு நாள் காலையில் புதிதாக வந்த பேட்டரிகளில் ஒன்றை மாட்டி மாதிரிக்கு ஒரு பெட்டி பூட்டினேன். மாட்டின நொடியே போர்டிலிருந்து புகை. சட்டென்று பிடுங்கிவிட்டேன். பார்த்தால், புதுப் பேட்டரியின் முனையில் சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. விற்றவர் மாற்றிப் பூட்டியிருக்கிறார். நான் அளந்து பார்க்காமல் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பேட்டரி போட்டு ஏற்கெனவே பதினான்கு பார்சல் போயிருந்தது. போர்டு எரிந்தால் வேறு போர்டு கொடுக்கலாம். பேட்டரி சூடேறி யார் கையிலாவது வெடித்தால்?

சாப்பிடாமல் உட்கார்ந்து போன் போட்டேன். மத்தியானத்துக்குள் பதின்மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் போர்டை மட்டும் எரித்திருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் இன்னும் பிரிக்கவே இல்லை. பதினான்காவது ஆள் மல்லசமுத்திரத்துக்காரர். போன் அணைத்திருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த மனைவி, "அவரு ரிக் வண்டியில ஒடிசா போயிட்டாருங்க. அந்தப் பொட்டியையும் கையோட கொண்டுபோயிட்டாருங்க" என்றார். போர்வெல் போடுகிற வண்டியில் எலக்ட்ரீசியன் அவர். விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா முகம் மாறிவிட்டது. ரிக் மேனேஜர், டிரைவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். துளை போடுகிற சத்தத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. "வண்டி நின்னா அவரே கூப்புடுவாருங்க" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் நடுவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். அந்தம்மா போனை என்னிடம் நீட்டினார். "பேட்டரியை மாட்டீட்டீங்களா?" என்றேன். மாட்டி மூன்று நாள் ஆகிறது, நன்றாக ஓடுகிறது என்றார். எனக்குப் புரியவில்லை. மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து அளந்தாராம், தலைகீழாகக் காட்டியதாம், ஒயரைக் கழற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டாராம். இதற்காக எனக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்று வரை ஒவ்வொரு பேட்டரியையும் நானே அளந்த பிறகுதான் பையில் போடுகிறேன். சிவப்பு, கருப்பு என்று நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனபோது அவர் குறுக்கிட்டுச் சொன்னது இது: "கலரை நம்பி நான் எதையும் மாட்டறதில்லீங்க. எங்க வண்டியில மண்ணும் கிரீசும் படிஞ்சு எல்லா ஒயரும் கருப்புத்தானுங்க."

சார்ஜர் கேட்ட கதை

சேலத்தில் ஒரு பார்சல் ஆபீஸ். வழியில் அட்டைப்பெட்டி கிழிந்து என் பார்சலிலிருந்து ஒயரும் பேட்டரியும் எட்டிப் பார்த்திருக்கின்றன. அதைத் தூக்கி வாசலில் தனியாக வைத்துவிட்டு, எல்லோரும் தள்ளி நின்றுகொண்டு எனக்கு போன் செய்தார்கள். கேம் பெட்டி என்று சொன்னால் நம்பவில்லை. உடனே வந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குச் சொல்வோம் என்றார் அங்கே இருந்த கிளார்க். பூட்டி வைத்திருந்த ஒரு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போய் அதை எடுத்து ஸ்விட்சைத் தள்ளினால் உயிரே இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாராவது போன் சார்ஜர் இருந்தா குடுங்க" என்றேன். காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்ற கிளார்க், உள்ளே மேஜையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தே கை காட்டினார். கால் மணி நேரம் சார்ஜ் ஏறியது. ஒரு வழியாக ஸ்கிரீன் ஒளிர்ந்து பாட்டு வந்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடினார்கள். பார்சல் அன்றைக்கே வண்டி ஏறியது. கையெழுத்து வாங்கும்போது கிளார்க் சொன்னார்: "வெடிக்கிற சாமானா இருந்தா சார்ஜர் கேட்டிருக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க."

எல்லா பட்டனும் இடது பக்கம்

எங்கள் ஊரில் தறி ஓட்டுகிறவர் ஒருவர். சில வருடங்களுக்கு முன்னால் மிஷினில் மாட்டி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. "எல்லா பட்டனும் இடது பக்கமே இருக்கற மாதிரி ஒரு போர்டு போட முடியுங்களா? ஈயம் நானே வெச்சுக்கறேன்" என்று கேட்டார். இரண்டு மாதம் வரைந்தேன். முதல் போர்டில் கட்டைவிரல் எட்டவில்லை. இரண்டாவதில் எட்டியது, ஆனால் பத்து நிமிடத்தில் விரல் பிடித்துக்கொண்டது. மூன்றாவது சரியாக வந்தது. மர ஸ்டாண்டில் போர்டைச் செருகி வைத்து, இடது கையாலேயே அத்தனை காலுக்கும் அவர் ஈயம் வைத்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வாங்கியவர்கள் பத்துப் பேர் சேலத்தில் கூடி ஒரே விளையாட்டில் போட்டி போடுவார்கள். அவரும் பெட்டியோடு வந்தார். எனக்கு இரண்டு பயம். பெட்டி பாதியில் நின்றுவிடக் கூடாது. பரிதாபப்பட்டு யாரும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிடவும் கூடாது. இரண்டும் நடக்கவில்லை. கடைசி வரை பெட்டி ஓடியது. எல்லோரும் ஈவு இரக்கமில்லாமல் ஆடினார்கள். அவர் ஏழாவதாக வந்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போனேன். பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே அவர் முந்திக்கொண்டார்: "கையினால தோத்தேன்னு சொல்ல வழியில்லீங்க. ஆட்டம் தெரியாமத்தான் தோத்தேன். அதுதான் நிம்மதியா இருக்குது."

நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் சூடான கம்பியையும் பழைய ஆசையையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, இதுவரை யார் வீட்டு வாசலிலும் தீயணைப்பு வண்டி வந்து நிற்கவில்லையென்றால், அதில் என் சாமர்த்தியத்தைவிட அவர்கள் வீட்டில் இருப்பவர்களின் பொறுமைக்குத்தான் பங்கு அதிகம்.