பதினான்கு போன்களில் என் இடது கை

என் இடது கையின் படம் பதினான்கு பெண்களின் போனில் இருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீர் கோத்த கொப்புளங்கள், பின்னால் பாயும் அதில் பரப்பிய வேப்பிலையும். படத்தை எடுத்ததும் நான்தான், அனுப்பியதும் நான்தான். அதனால் கோபப்பட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசித்த பிறகும் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஏதாவது ஒரு தாள் எப்போதும் பிரெஞ்சில் தேவைப்படும். பிறந்ததற்கு, மணந்ததற்கு, இறந்ததற்கு, இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்குக்கூடத் தாள் வேண்டும். ஊருக்குள் ஒருவர் சின்ன அலுவலகம் வைத்து இந்தத் தாள்களை வாங்கி, என்னைப் போல வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பதினான்கு பேர் இருந்தோம், ஒரு வாட்ஸப் குழுவில். எங்கள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏரியாவை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் மூலக்குளம். என்னைவிட மூத்த ஒரு அக்கா முல்லா வீதி. ஃபைல் வந்தால் குழுவில் போடுவார், முதலில் கை தூக்கும் படம் போடுகிறவளுக்கு வேலை.

இரண்டு வருடம் எனக்குப் பெரும்பாலும் ஒற்றைத் தாள் வேலைகள்தான். அதற்கப்புறம் ஒரு நாள், குழுவில் போடாமல் நேராக என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய ஃபைலைக் கொடுத்தார். முதலியார்பேட்டையில் ஒரு அம்மா. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் இறந்துபோக, மனைவிக்கு வரவேண்டிய பென்ஷனுக்காக முப்பத்தொரு பக்கம். "இதை ஒழுங்கா முடிச்சுட்டா இனிமே பெரிய ஃபைலெல்லாம் உனக்குத்தாம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்த அம்மாவை எத்தனை முறை போனில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டேன் என்று கணக்கே இல்லை. அவர் என்னைப் பாப்பா என்பார், நான் அவரை மதாம் என்பேன். பதினேழு பக்கம் முடித்திருந்தபோது என் மூன்று வயது மகளுக்கு அம்மை போட்டது.

பிளே ஸ்கூலில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை என்று செய்தி வந்தும் நான் அவளை ஒரு நாள் கூடுதலாக அனுப்பிவிட்டேன். ஃபைல் இருந்ததே, அதனால். அந்த ஒரு நாளில்தான் ஒட்டியதா, அதற்கு முன்பேயா என்று டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன். "யாருக்கும்மா தெரியும்" என்று மூன்று முறையும் சொன்னார். அவளுக்கு லேசாக வந்து இறங்கிவிட்டது. அது காயும் சமயத்தில் எனக்கு வந்தது. பெரியவர்களுக்கு வந்தால் அது வேறு மாதிரி. இமையின் உள்ளே, நாக்கின் அடியில், விரல் இடுக்கில் எல்லாம் போட்டது. காய்ச்சலில் பற்கள் தந்தி அடித்தன.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது. தலை வாரக்கூடாது, ஊசி நூல் தொடக்கூடாது, யாரும் வந்து எட்டிப் பார்க்கக்கூடாது. மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவந்த ஆள் படியேறிப் பாதியில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்காங்களா? நான் கீழயே வெச்சுட்டுப் போறேங்க" என்று சொல்லிவிட்டு, போகிறபோது செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். பால் போடுகிறவரும் குப்பை வண்டிக்காரப் பெண்ணும் எதுவும் கேட்கவில்லை. வீட்டு ஓனர்கூட எங்களோடு போடும் தண்ணீர் மோட்டார் சண்டையை ஒத்திவைத்தார். லாப்டாப்புக்கு மட்டும் மாமியாரிடம் விதி இல்லை. "அது எழுதுறதா, தைக்கிறதா, எதுல சேத்தி?" என்று என்னையே கேட்டார். பதில் தெரியாமல் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

கதவில் வேப்பிலை செருகலாம். போனில் எங்கே செருகுவது?

"என்னம்மா மூலக்குளம், ஃபைல் இன்னும் வரலியே?"

உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லாதவளை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "நெட் வரல சார், ரெண்டு நாளா" என்றேன்.

"அவ்ளோதானே? லாப்டாப்பத் தூக்கிட்டு ஆபீசுக்கு வா. இங்க நெட் பறக்குது."

வேறு வழியில்லை. "அம்மை போட்டிருக்கு சார்."

"அது பாப்பாவுக்கு. போன வாரமே சொன்னியே."

"இப்ப எனக்கு சார்."

"தப்பா எடுத்துக்காதம்மா. இப்பதான் நெட் இல்லன்ன, இப்ப அம்மைன்ற. போன மாசம் ஒருத்தி ஜுரம்னு சொல்லிட்டு கல்யாணத்துல நிக்கிறா, ஸ்டேட்டஸ்ல நானே பாத்தேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடு. அந்தம்மா அவசரம்னு உயிரை எடுக்குது, நான் பதில் சொல்லணும்ல."

உயிரோடிருப்பதற்கே தாள் கேட்கும் வேலையில் இருக்கிறேன், காய்ச்சலுக்கு அத்தாட்சி கேட்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். முதலில் பொய் சொன்னவள் நான்தானே என்றும் நினைத்தேன். முகத்தை எடுக்கக் கூசியது. கையை நீட்டி, வெளிச்சம் விழும்படி திருப்பி, ஒழுங்காக எடுத்து அனுப்பினேன். முதல் படம் மங்கலாக இருந்தது என்று இரண்டாவது எடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்து நிமிடத்தில் என் கை குழுவில் இருந்தது. கீழே: "மூலக்குளத்துக்கு முடியல. 14 பக்கம் பாக்கி. யார் எடுக்கறீங்க?"

நான்கு நிமிடத்தில் ஒரு கை உயர்ந்தது. முல்லா வீதி அக்கா.

அழுதுகொண்டே அவருக்குப் போன் போட்டேன். "ஏன்க்கா? மூணு வாரம் உழைச்ச ஃபைலு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"போன வருஷம் எனக்குக் காமாலை வந்தப்ப நீ கேட்டியா?" என்றார். சத்தம் போடவில்லை, காய்கறி நறுக்குகிற ஓசைக்கு நடுவே சாதாரணமாகக் கேட்டார்.

கேட்கவில்லை. அவர் பாதியில் விட்ட ஒரு கல்யாண ஃபைல் குழுவில் வந்தது, நான் கை தூக்கினேன், மூன்றே நாளில் முடித்தேன். சார் குழுவில் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கணவரிடம் காட்டினேன். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"அழாத, கொப்புளம் உடைஞ்சுடப் போவுது" என்றார் அக்கா. "நான் எடுக்கலன்னா வேற எவளாவது எடுத்திருப்பா, மொத்தமா முடிச்சுக் கொடுத்திருப்பா, உனக்கு ஃபைலு போச்சு. நான் ஏழு பக்கம் பண்றேன். உன் ஏழைத் தொடாம வெச்சிருக்கேன். எழுந்து வந்து பண்ணு."

"சார் கேட்டா?"

"எனக்கும் கண்ணு வலிக்குதுன்னு சொல்றேன். கண்ணை போட்டோ எடுத்து அனுப்பவா?"

சிரித்ததில் நாக்கின் அடியில் இருந்த கொப்புளம் உரசி உயிர் போனது.

மூன்று நாள் கழித்து முதலியார்பேட்டை மதாம் கூப்பிட்டார். எடுத்தவுடனே, "பாப்பா, அந்த ஆளு உன் கையை எனக்கு அனுப்பியிருக்கான்" என்றார். "அம்மா இறங்கியிருக்கிற கையைப் போய் போட்டோ புடிக்கச் சொல்லுவானா ஒருத்தன்? எனக்குச் சோறு இறங்கல."

"நீங்க அவசரம்னு சொன்னீங்களாமே மதாம்."

"நானா? எனக்கு இன்னும் ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க. மெதுவா ஆகட்டும், நல்லா ஆகட்டும்னுதானே அவன்கிட்ட சொன்னேன். தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் நீ பேனாவைத் தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்குள் எதுவோ சூடாக ஏறியது. காய்ச்சல் இல்லை அது. இல்லாத ஒரு அவசரத்துக்காக நான் கையை நீட்டியிருக்கிறேன். அந்த அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று மூன்று நாளாக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக, வேலை கொடுப்பவரை நானாகக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

"சார், மதாம்கிட்ட பேசினேன். அவங்களுக்கு ரெண்டு மாசம் இருக்கு."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. அவசரம்னு சொன்னாத்தான் வேலை நடக்கும்."

"குழுவுல இருக்கற போட்டோவை எடுத்துடுங்க சார்."

"பாத்தேன்மா. எல்லாருக்கும் டெலீட்டுன்னு குடுத்தா வரல, டைம் தாண்டிடுச்சு. மூஞ்சியா தெரியுது? கைதானே. விடு."

தாளில் அதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. "அது என் கை சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை பாத்திரம் கழுவும்போது விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்று தண்ணீரும் ஊற்றி, வேப்பிலையை வாசலிலிருந்து எடுத்த பிறகு என் ஏழு பக்கத்தை முடித்தேன். அக்காவின் ஏழு பக்கமும் சேர்ந்து ஃபைல் போனது. அதற்குப் பிறகு பெரிய ஃபைல்கள் என்னிடம் வந்தனவா? ஒன்று வந்தது. அப்புறம் வரவில்லை. எதிர்த்துப் பேசியதாலா, மெதுவாகச் செய்வதாலா என்று தெரியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் என்று சில நாள் நினைப்பேன். பிறகு கையைப் பார்ப்பேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு தழும்பு, பருப்பு அளவுக்கு, இன்னும் போகவில்லை.

போன மாதம் குழுவில் செய்தி வந்தது: "வீராம்பட்டினத்துக்கு டெங்குவாம். 9 பக்கம். யார் எடுக்கறீங்க? வீராம்பட்டினம், பிளட் ரிப்போர்ட் குழுவுல போடும்மா."

நான் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். "ரிப்போர்ட் வேண்டாம் சார். நம்பலாம்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மகளுக்குச் சோறு ஊட்டி முடித்தேன்.

போனைத் திருப்பிப் பார்த்தபோது என் வரிக்குக் கீழே அக்கா ஒரு வேப்பிலைக் கொத்தின் படத்தை மட்டும் போட்டிருந்தார், ஒரு சொல்கூட இல்லாமல். இருபது நிமிடம் யாரும் கை தூக்கவில்லை. அப்புறம் ஒருத்தி தூக்கினாள், புதிதாகச் சேர்ந்த பெண், இதுவரை ஒற்றைத் தாள் வேலை மட்டும் கிடைத்தவள். திட்ட வேண்டும் போல இருந்தது. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றும் இருந்தது.

அவளுக்குப் போன் போட்டேன். "யாரு?" என்றாள், பயந்த குரலில்.

"மூலக்குளம்" என்று வாய் வரை வந்தது. என் பெயரைச் சொன்னேன். பிறகு, "ஒன்பதுல நாலு பக்கம் பண்ணு. மிச்சத்தைத் தொடாம வை. அவ எழுந்து வருவா" என்றேன்.