கோட்டைக்கு மட்டும் வயதாகலாம்

செஞ்சிக் கோட்டைக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போகும் கைடாகச் சேர்ந்த அன்றே, புதுச்சேரி முதலாளி எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார். "கோட்டை, குளம், பீரங்கின்னு எதை வேணா பழசுன்னு சொல்லு. வண்டியில வர்றவங்கள மட்டும் சொல்லிடாத. ரேட்டிங் போச்சுன்னா நீயும் போயிடுவ."

வண்டியில் வருபவர்களோ பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். லத்தீனில் 'வெத்துலுஸ்' என்று ஒரு சொல் இருந்தது. கிழடு என்று செல்லமாகச் சொல்கிற மாதிரி. அது பிரெஞ்சில் 'வியே', இத்தாலியில் 'வெக்கியோ', ஸ்பானியத்தில் 'வியெஹோ' என்று வேஷம் மாற்றி இன்னும் ஊர் சுற்றுகிறது. அதை அள்ளி இறைத்தேன். களஞ்சியம் வெக்கியோ, மதில் வெக்கியோ, யானைக்குளம் வெக்கியோ. பாறை கோபித்துக்கொள்ளாது, ரேட்டிங்கும் போடாது.

பாறைகள் அடுப்பாய்க் கனன்ற ஓர் ஏப்ரலில் இத்தாலியத் தம்பதி ஒன்று வந்தது. கணவர் எழுபதைத் தாண்டியவர். கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏறியே தீருவேன் என்றார். அவர் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் மனைவி என் முழங்கையைப் பிடித்தார். "போன வருடம்தான் இதயத்தில் அறுவை நடந்தது. நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் தடுங்கள்."

எங்கள் தொழிலில் இதற்கொரு வழி உண்டு. மதியத்துக்குமேல் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அதுவரை வாயாலேயே வேலி கட்ட வேண்டும். கல்யாண மகாலில் மாடிக்கொரு ராணியைக் குடிவைத்தேன். களஞ்சியத்தை மூட்டை மூட்டையாய்ச் சொல்லாலேயே நிரப்பினேன். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று மலையடிக்கு நடந்துவிட்டார்.

அங்கே வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார், இவரையா ஏத்தப் போற? நேத்து ஒரு வாலிபப் பையனையே நாலு பேரு தூக்கினு வந்தோம்."

"நீயே சொல்லி நிறுத்தேன்பா."

"எனக்கு அந்தாளு பாஷை தெரியாது. ஒனக்குத் தெரியுமில்ல? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

முதல் படிகளிலேயே பெரியவரின் உதடு வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்து நின்று, ஒன்றுமில்லை என்பதுபோல் சிரித்தார். முன்னால் போய் வழியை மறித்தேன். "ஐயா, நீங்கள் வெக்கியோ. இறங்குங்கள்."

முகம் சிவக்க, உன் கம்பெனியை இழுத்து மூட வைக்கிறேன் பார் என்று கத்தினார். கத்திக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் மாலை முதலாளியின் போன். "யோவ், ஒத்த ஸ்டார் போட்டிருக்கான்யா! மரியாதை தெரியாத கைடுன்னு எழுதியிருக்கான். இனிமே வராத."

"எழுதுற அளவுக்கு நல்லா இருக்காரா சார்?"

"நல்லாத்தான் இருக்கான், பக்கம் பக்கமா எழுதியிருக்கான்!"

புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கல்லைப் பார்த்துப் பழசு என்று சொல்ல யாரும் தேவையில்லை. மனிதரிடம் சொல்லத்தான் நமக்குச் சம்பளம். பெரும்பாலும் அதுவே கடைசிச் சம்பளமாக இருக்கும்.