பேரிங் போன கடல்

லிஃப்ட்காரரை ஓர் இடத்தில் உட்கார வைத்த பெருமை இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. கல்யாண மேடையிலிருந்தே, மண்டபத்து ஜெனரேட்டர் இருமுகிறது என்று பாதியில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணுக்கு அன்றைக்கே விஷயம் புரிந்திருக்க வேண்டும். அவளோ பொறுப்பான ஆளாகத்தான் வாய்த்திருக்கிறார் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனாள். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது ஆடுகிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். காது பொய் சொன்னாலும் எலும்பு சொல்லாது என்பது அவர் கட்சி. வீட்டு மிக்ஸி, மின்விசிறி, அவளுடைய தையல் மெஷின் என்று எதுவும் இந்த வைத்தியத்துக்குத் தப்பியதில்லை.

இப்பேர்ப்பட்ட காதுக்காரரின் மனைவிக்கு இடது காது கேட்காது. அது அவருக்குத் தெரியாது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் வாசலில் கூப்பிடுகிற குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குழம்பியது. அப்புறம் மெஷின் சத்தம் பஞ்சுக்குள் போட்டு அமுக்கிய மாதிரி ஆனது. அவள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டி எலும்பு இறுகிப் போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகலாம், வலது காதும் இதே வழிக்கு வரலாம், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்காரரை எங்கே போய்ப் பிடிப்பது? "என்னங்க, கொஞ்சம் உக்காருங்களேன்" என்று வாயெடுத்தால் போன் அடிக்கும். எங்கேயோ யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். முன்பு ஒரு தடவை இவர் போனை எடுக்காத நேரத்தில் ஒரு பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறிப் போனார்; மயங்கிய நிலையில்தான் அவரை வெளியே தூக்கி வந்தார்கள். அந்த ஆள் பிழைத்துவிட்டார். இவர்தான் இன்னும் அந்த லிஃப்டிலிருந்து வெளியே வரவில்லை. அதனால் போனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் இருமினால் கேட்கிறதே, கட்டினவளுக்குக் காது போனதையும் தானாகவே கண்டுபிடிக்கட்டும் என்று வீம்பு பிடித்தாள். வீம்போடு சேர்ந்து பயமும் வளர்ந்தது.

மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து இருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, அங்கேயாவது இந்த மனுஷனைக் கடற்கரையில் உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று நம்பித்தான் அவள் பெட்டி கட்டினாள். வேலையை இன்னொரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தாகிவிட்டது. கருவிப் பையையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆனால் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டுதான் விமான நிலையத்துக்கு வந்தார். சோதனை போட்டவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். விமானம் இறங்கும்வரை மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

விடுதியின் லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அது போதாதா? காலைச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். அவர் பாஷை தெரியாத வரவேற்பறைப் பெண்ணிடம் இரண்டு உள்ளங்கைகளையும் கதவாக்கி, நெஞ்சுக்கு நேரே திறந்து மூடிக் காட்டினார். அந்தப் பெண் இவருக்கு நெஞ்சுவலி என்று பதறிப்போய் நாற்காலியும் தண்ணீரும் கொண்டு வந்தாள். நாற்காலியில் அவர் உட்காரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தெருவில் அவரை வலது பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கத்தான் அவள் படாத பாடு பட்டாள். அவர் ஒரு பக்கமாக நடக்கிற ஆளா? கடைக்குக் கடை தாவினார். தானாகத் திறக்கும் கதவைக் கண்டால் முன்னால் நின்று திறக்க வைத்துப் பார்த்தார். இவள் விடாமல் சுற்றிச் சுற்றி இடம் மாறினாள்.

"ஏம்மா, பம்பரம் மாதிரி என்னையே சுத்துற?"

"கட்டிக்கிட்டேனே, சுத்தித்தானே ஆகணும்."

ஊரே போகிற கடற்கரைக்கு இவர்களும் பஸ் ஏறிப் போனார்கள். குடையும் பாட்டுமாக ஒரே கூட்டம். அவள் பாயை விரித்து, வெயிலுக்குக் கொண்டுவந்த நீளக் குடையைப் பக்கத்தில் வைத்து, அவரை வலது பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்த பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது.

"என்னங்க, ரொம்ப நாளா ஒரு விஷயம் சொல்லணும்னு..."

"இரு, இரு. கேக்குதா?" அவர் கழுத்தைத் திருப்பி மூக்கைச் சுருக்கினார். "பேரிங் போச்சு. பெரிய மோட்டார். அந்த மேட்டுக்குப் பின்னால."

"கடலுக்கு வந்து மோட்டாரா? உக்காருங்க."

"தண்ணி இறைக்கிற மோட்டாரா இருக்கும். ஸ்டார்ட் ஆகுது, லோடு எடுக்க முடியாம நின்னுடுது. யாரும் ஆஃப் பண்ணலைன்னா எரிஞ்சிடும்மா. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

ஒரு எட்டாவது! கடற்கரையின் கடைசிப் பாறையையும் தாண்டி, முள் குத்த, ஆட்டுத்தடம் போன்ற ஒரு வழியில் அவர் விடுவிடுவென்று ஏறினார். செருப்பு இரண்டையும் மணலிலேயே மறந்துவிட்டார். பாய், குடை, அவருடைய செருப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் பின்னாலேயே போனாள். இந்த ஜென்மத்தில் இந்த ஆளிடம் எதையும் சொல்லப் போவதில்லை என்று வழியெல்லாம் சபதம் போட்டாள். அவர் நடுவில் நின்று நின்று "கேக்குதா?" என்று திரும்பினார். அவளுக்குத் தன் மூச்சு இரைப்பதுதான் கேட்டது.

மேடு சட்டென்று முடிந்தது. கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, கை அகலத்துக்கு ஒரு கரை. மணல் மருந்துக்குக்கூட இல்லை. முட்டை முட்டையாய்க் கருங்கற்கள் மட்டும். ஆள் இல்லை, கடை இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. அலை வந்து மோதியது. அது பின்வாங்கும்போது அத்தனை கற்களையும் உருட்டி இழுத்துக்கொண்டு போனது. அதுதான் அவருடைய பேரிங்.

அவர் ஒத்துக்கொள்வாரா? இறங்கிப் போய்ப் பாறைக்குப் பின்னாலெல்லாம் மோட்டார் அறையைத் தேடினார். அவளும் இறங்கினாள். கால் வைத்த இடமெல்லாம் கல் வழுக்கியது. இவ்வளவு அழகான இடத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதைப் பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவு எரிச்சல்.

அவர் அவளுடைய இடது பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வழக்கம்போல அவள் "ஆமாங்க" என்று தலையாட்டினாள்.

அவர் முன்னால் வந்து முறைத்தார். "என்ன ஆமாங்க? என் செருப்பு எங்கன்னு கேட்டேன். உனக்குக் காது கேக்குதா இல்லையா?"

"கேக்கல!" அவள் செருப்பைக் கீழே போட்டாள். "இந்தப் பக்கம் உங்க பேரிங்கும் கேக்கல, கடலும் கேக்கல. இந்தக் காது போய் எவ்வளவோ நாளாச்சு. அடுத்ததும் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. மெஷின் ஓடுதான்னு கையை வச்சுப் பாத்துத் தைக்கிறேன். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. நான் எங்கங்க போய்த் தேடுவேன் வீட்டுக்காரரை?"

அவர் நாலடி அந்தப் பக்கம் போனார், நாலடி இந்தப் பக்கம் வந்தார். "அதான் சுத்திச் சுத்தி வந்தியா?" என்றார். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

பிறகு குடையை அவள் கையிலிருந்து வாங்கினார். அதன் நுனியைத் தண்ணீர் ஓரத்துக் கற்களுக்குள் அழுத்திச் செருகினார். அவளைக் குனிய வைத்து, மரக் கைப்பிடியை அவளுடைய இடது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் பதித்துப் பிடித்தார். அலை வந்து திரும்பியது.

செத்துப்போனதென்று அவள் நினைத்திருந்த பக்கத்திலிருந்து, கற்கள் உருண்டு ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கீழே போவது கேட்டது. இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். அப்புறம் இன்னொரு தடவை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உள்ள மோட்டார் நல்லாத்தான் ஓடுது. கதவுதான் மாட்டிக்கிச்சு" என்றார் அவர், அவள் முகத்துக்கு நேரே குனிந்து. "ஊர்ல மாட்டினவங்களுக்கெல்லாம் ஓடினேன். நீ இத்தனை நாளா உள்ளயே மாட்டிக்கிட்டு இருந்திருக்க. கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டேனே."

அவர் கற்களின் மேல் பாயை விரித்து அவளை உட்கார வைத்தார். இடது பக்கத்தில் உட்காரப் போனவர் நின்று, அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். "இப்ப சொல்லு, மொதல்ல இருந்து" என்றார். அவள் சொன்னாள். ஆபரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்பதையும், வீம்புக்குத்தான் இத்தனை நாள் மறைத்தேன் என்பதையும் சொன்னாள்.

பாதிப் பேச்சில் அவள் இடுப்போரம் என்னவோ நடுங்கியது. அவருடைய பையிலிருந்த போன். நின்றது, மறுபடி நடுங்கியது. அவர் தொடை இறுகுவதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். பழகிய ஏமாற்றம்தானே, அதற்கும் தயாரானாள்.

"போன் அடிக்குதுங்க."

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இன்னொருத்தர் இருக்காரு, பாத்துப்பாரு. எனக்குக் கேக்கல. நீ சொல்லு."