துருவுக்குச் சாட்சி

அமெரிக்காவில், கான்சாஸில் நான் வேலை பார்க்கும் ஷோரூமில் வண்டியைப் பளபளவென்று துடைத்து வைத்தால் வியாபாரம் கெட்டுவிடும். நாங்கள் விற்பது பழைய அமெரிக்கப் பிக்கப் டிரக்குகள். திறந்த தொட்டியில் வைக்கோல் ஏற்றிப் போன, என்னைவிட வயதான வண்டிகள். அன்றைக்கு அதை விற்ற டீலரின் பெயரும் ஊரும் கதவில் பெயின்டால் எழுதிப் பாதி அழிந்திருக்கும். அந்தப் பாதிக்கும் துருவுக்கும்தான் விலையே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டி வாங்க வந்த ஒரு கிழவர் துருவைத் தடவிக்கொண்டே நின்றார். பாவமாக இருந்தது. "கவலைப்படாதீங்க சார், ஓசியிலேயே பெயின்ட் அடிச்சுத் தர்றோம்" என்றேன். மனுஷன் என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்துவிட்டு வெளியேறினார். வேலை போச்சு என்று நான் கழிவறையில் போய் ஒளிந்துகொண்டேன்.

இதைப் புதுச்சேரியில் யாருக்காவது விளக்கிப் பாருங்கள், தெரியும். லீவில் வந்திருக்கிறேன். என் மகள் ஆயிஷாவுக்கும் அவளோடு அங்கே படிக்கும் நம்மூர்ப் பையனுக்கும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டும். "அத்தா, ஜோக்கடிக்கிறேன்னு காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்று வழியனுப்ப வந்த மகள் ஏர்போர்ட்டில் கெஞ்சினாள். ரெட்டியார்பாளையத்தில் இறங்கியதும் என் மனைவியின் தம்பி ஜாபர் பிடித்துக்கொண்டான். "மச்சான், வண்டி போட்டோவ மட்டும் காட்டாதீங்க. காயலான் கடை வெச்சிருக்கார்னு நெனைச்சுப்பாங்க."

பையனின் அப்பா தாவூத் பாய்க்கு உப்பளம் பகுதியில் பழைய மரச்சாமான் கடை. நானும் ஜாபரும் அங்கேதான் பேசப் போனோம். பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கதவு, ஜன்னல், அலமாரி என்று அடுக்கியிருந்தார்.

"என்ன வண்டி விக்கிறீங்க?"

"பிக்கப், பாய்."

"எந்த மாடல்?"

பயத்தில் எனக்கு உண்மைதான் முதலில் வரும். "ஐம்பத்தாறு."

"ஏன், அங்க புதுசு கெடைக்கலியா?"

பதறிப்போய் போனை எடுத்து, காட்டக்கூடாத போட்டோவையே காட்டினேன். ஜாபர் கண்ணை மூடிக்கொண்டான். பாய் படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"துரு புடிக்க என்னா போடுறீங்க? புது மரத்த பழசாக்க நாங்க உப்புத்தண்ணி, டீ டிகாஷன்."

"ஐயோ பாய், இது அசல்! பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அதுல அரிச்சது."

"சரி சரி, தொழில் ரகசியம்" என்று என் தொடையில் தட்டினார். முகத்தில் அப்போதுதான் சம்பந்திக் களை வந்தது.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நிஜத் துருவை விற்கிறேன் என்று நம்பியிருந்தால் பைத்தியக்காரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்றிருப்பார். தன்னைப் போல ஏமாற்றுக்காரன் என்று நினைத்ததால் கல்யாணம் கூடி வருகிறது. இத்தனை வருஷ நாணயத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்த நேரம் பார்த்து, வாசலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு கதவு நிலையை ஒரு பிரெஞ்சு அம்மாள் தடவிக்கொண்டிருந்தார். பாய் என்னை முன்னே தள்ளினார். "மேடம், திஸ் ஜென்டில்மேன் அமெரிக்கா. ஓல்டு ஐட்டம் எக்ஸ்பர்ட். ஆஸ்க் ஹிம்!"

"இது உண்மையிலேயே பழசா?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். மரத்தில் டிகாஷன் வாடை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. உண்மை சொன்னால் ஆயிஷா காலத்துக்கும் என்னோடு பேசமாட்டாள்.

"தேக்கு அசல், மேடம். பிடிச்சிருந்தா வாங்குங்க. வயசுக்காக வாங்காதீங்க."

அவர் சிரித்தார். "இந்த ஊர்க் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், உண்மையைச் சொல்லியே விற்கப் பார்க்கிறார்கள்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

செத்தேன் என்று திரும்பினேன். பாய் ஜாபரிடம், "அமெரிக்காக்காரருக்கு நம்மூரு யாவாரம் மறந்துபோச்சுய்யா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "போவுது வுடுங்க சம்பந்தி. பொண்ண எப்ப கூட்டினு வர்றீங்க?" என்றார்.

பதில் சொல்ல உள்ளே போகலாம் என்று காலை எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கதவு நிலைக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சுவர் இல்லை. எந்தப் பக்கம் உள்ளே என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.